குட்டி யானைக்கு ஒரு பட்டை கூடுதலா போட்டா லோடு கூடுமா? வண்டிக்காரர்கள் தாங்களே செய்யக்கூடியதும், கை வைக்கக் கூடாததும்!

'குட்டி யானை' வாங்கிய முதல் மாதத்திலேயே பலரும் போய் நிற்கும் இடம், ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருக்கும் பட்டை ஒர்க்ஸ் கடை. "அண்ணே, பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரு பட்டை சேர்த்துடுங்க. லோடு ஏத்துனா வண்டி உக்காந்துடுது" என்பார்கள். அரை நாள் வேலை, சில ஆயிரம் ரூபாய் செலவு. வண்டி நிமிர்ந்து நிற்கும். அன்றிலிருந்து 750 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் 1,200 கிலோ, 1,500 கிலோ என்று ஏற ஆரம்பிக்கும்.

2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு தமிழ்நாட்டில் காய்கறி, தண்ணீர் கேன், சிமென்ட், வீடு மாற்றும் சாமான் என எல்லாமே இந்தச் சின்ன வண்டிகளில்தான் ஓடுகின்றன. அதற்குப் பிறகு மஹிந்திரா ஜீத்தோ, மாருதி சூப்பர் கேரி, அசோக் லேலண்ட் தோஸ்த் என்று எத்தனையோ வந்துவிட்டாலும், எதைப் பார்த்தாலும் நம்ம மக்களுக்கு அது குட்டி யானைதான். பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி. ஓட்டுபவரே ஓனர். ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு, மாதக் கடைசியில் டியூ நிற்கும். அதனால் சின்னச் சின்ன வேலைகளை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அது நல்ல விஷயம். ஆனால் எந்த இடத்தில் நம்ம ஸ்பேனரை நிறுத்த வேண்டும் என்பதில்தான் சிக்கலே!

பட்டை சேர்த்தால் வண்டி நிமிர்கிறது... அப்புறம்?

சரக்கு வண்டியின் அடியில் வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். இதுதான் கமான் பட்டை. லோடு ஏறும்போது வளைந்துகொடுத்து, பள்ளம் மேட்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இதன் வேலை. ஒரு பட்டை சேர்த்தால் அடுக்கு விறைப்பாகும், அதே லோடுக்குக் குறைவாக வளையும். நடப்பது இவ்வளவுதான்.

வண்டியின் சுமை தாங்கும் அளவை முடிவு செய்வது பட்டை மட்டுமே கிடையாது. அச்சு, சக்கர பேரிங், டயர், சேசிஸ், எல்லாவற்றுக்கும் மேல் பிரேக்! இதில் ஒன்றைக்கூட நாம் மாற்றவில்லை. பட்டை வளைவது, 'இதற்கு மேல் வேண்டாம்' என்று வண்டி காட்டும் அடையாளம். பட்டை சேர்க்கும்போது அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறோம்.

ஒரு கணக்கு பார்ப்போம். லோடோடு சேர்த்து சுமார் 1,500 கிலோவுக்கு வடிவமைக்கப்பட்ட ஒரு வண்டியில் இன்னொரு 750 கிலோ ஏற்றினால் மொத்தம் 2,250 கிலோ. அதே வேகத்தில் போகும்போது, வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அந்த ஆற்றல் முழுக்க வெப்பமாகத்தான் மாறும். சமதளத்தில் இது தெரியாது. ஏற்காடு, கொல்லிமலை, திம்பம் மாதிரி மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் சூடேறி, பெடல் மிதித்தும் பிரேக் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. சில சரக்கு வண்டி மாடல்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே, ஒரு சின்னக் கம்பியோடு இணைத்த வால்வு இருக்கும். வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரத்துக்கு அதிக பிரேக் போனால் சக்கரம் லாக் ஆகி வண்டி சறுக்கும். லோடு இருக்கும்போது அதிக பிரேக் தேவை. அந்த வால்வு எதை வைத்து முடிவு செய்கிறது தெரியுமா? சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான். லோடு ஏறி பட்டை வளைந்து இடைவெளி குறைந்தால், 'லோடு இருக்கு' என்று பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். நாம் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால்? முழு லோடு ஏறியும் 'வண்டி காலி' என்றே அது நினைத்துக்கொள்ளும். எப்போது பின் பிரேக் அதிகம் வேண்டுமோ, அப்போதுதான் அது குறைவாகக் கிடைக்கும்.

வண்டி உண்மையிலேயே சாய்ந்து நின்றால் என்ன செய்வது? பட்டை உடைந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம். அதே அளவு புதுப் பட்டையை மாற்றுவது பராமரிப்பு. தாராளமாகச் செய்யலாம். மாற்றும்போது யு-போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் நட்டுகளை இறுக்கிக்கொள்ளுங்கள். யு-போல்ட் தளர்ந்தால் பட்டை அடுக்கைக் கோத்துப் பிடிக்கும் நடு போல்ட் முறியும். அது முறிந்தால் அச்சே இடம் நகர்ந்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பின்னால் தள்ளி நிற்பது போலத் தெரிந்தால், அல்லது வண்டி நண்டு மாதிரி கொஞ்சம் கோணலாக ஓடினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஆர்.சி.யில் இருக்கும் இரண்டு எண்கள்

உங்கள் வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஷோரூம் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஆர்.சி.யில் 'அன்லேடன் வெயிட்', 'லேடன் வெயிட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது காலி வண்டியின் எடை. இரண்டாவது எல்லாம் சேர்த்த அதிகபட்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். அதில் நீங்களும், பக்கத்தில் உட்காரும் லோடுமேனும் அடக்கம்!

நாம் வண்டியில் சேர்க்கும் ஒவ்வொரு இரும்பும் அந்த இடத்தைத்தான் சாப்பிடும். உதாரணத்துக்கு, தொட்டியின் தரை தேயக் கூடாது என்று 3 மி.மீ. இரும்புத் தகடு போடுவார்கள். அது ஒரு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல் எடை வரும். தொட்டி சுமார் 3 சதுர மீட்டர் என்றால் 70 கிலோ. ஒரு மூட்டை வெங்காயத்தைத் தினமும் காசு வாங்காமல் சுமப்பது மாதிரி. கூடவே பக்கப்பலகையை உயர்த்தி, கேபின் மேல் கேரியர் போட்டு, முன்னால் கம்பி வைத்தால் 150 கிலோ சத்தமில்லாமல் போய்விடும். தரையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கெட்டி ரப்பர் மேட் போதும். எடையும் குறைவு, கழற்றிக் கழுவவும் முடியும்.

டயரின் பக்கவாட்டிலும் ஒரு எண் இருக்கும். அளவுக்குப் பக்கத்தில் 86 என்று போட்டிருந்தால், அந்த ஒரு டயர் தாங்குவது 530 கிலோ என்று அர்த்தம். புது டயர் வாங்கும்போது விலை குறைவு என்று கார் டயரை மாட்டிவிடுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் கூடியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 'ஒவ்வொன்றுக்கும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் இருந்தால் மூன்று முறை கணக்கு.

ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய். அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும், இறக்கும் கூலியும் நம்ம தலையில்தான். எடை சரியாக இருந்தாலும், சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. வைக்கோல், பிளாஸ்டிக் பைப், கட்டில் பீரோ ஏற்றுபவர்களுக்கு இது முக்கியம்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போது, கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் தெரிந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அது ஒரு காரணமாகிவிடும். எதிரில் வந்தவருக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாகும் வழக்குகளும் உண்டு. 750 கிலோ கூடுதலாக ஏற்றி ஒரு நடையில் கிடைக்கும் சில நூறு ரூபாயையும், இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொட்டியில் பெஞ்ச் போட்டு கோயிலுக்கும் காதுகுத்துக்கும் ஆள் ஏற்றுவது இதைவிட மோசம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறுபவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

நீங்களே செய்யக்கூடிய பராமரிப்பு

காலையில் செல்ஃப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை வழியிலேயே நிற்கும். முதலில் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் தண்ணி மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் லேசான மஞ்சள் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை அங்கேயே கூப்பிடுங்கள்.

ஆயில் லெவலை வண்டி சமதளத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்திருந்தால் போர் தண்ணியை ஊற்றுவது நம்ம ஊரில் சகஜம். அந்தத் தண்ணியில் இருக்கும் உப்புதான் ரேடியேட்டர் குழாயில் கல்லாகப் படிந்து, மே மாதம் நடுரோட்டில் வண்டியைக் கொதிக்க வைக்கும். கூலன்ட் ஒரு கேன் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொதித்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பிரேக் ஆயில் டப்பாவில் லெவல் மெல்ல மெல்ல இறங்கினால் பேட், லைனிங் தேய்கிறது என்று அர்த்தம். திடீரென இறங்கினால் எங்கோ கசிகிறது. இரண்டிலுமே ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது தப்பு. காரணத்தைப் பார்க்காமல் ஊற்றுவது, காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைப்பது போல.

டயர் காற்றை ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது கதவுப் பக்க ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். லோடுக்கு ஒரு அளவு, காலிக்கு ஒரு அளவு. டயரின் பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. முடிந்தது, டயரை மாற்ற வேண்டும். பஞ்சர் போட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கிரீஸ் அடிப்பதும் நாமே செய்யலாம். கையால் அழுத்தும் கிரீஸ் கன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உங்கள் மாடலில் எங்கெங்கே நிப்பிள் இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிங்பின், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ், பட்டை ஷாக்கிள் ஆகியவை வழக்கமான இடங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். வெள்ளத்தில் முக்கி எடுத்த வண்டிக்கு, தேதி பார்க்காமல் திரும்ப அடித்துவிடுங்கள்.

ஏர் ஃபில்ட்டரைத் தட்டிச் சுத்தம் செய்யலாம். காற்று அடித்தால் உள்பக்கமிருந்து வெளியே அடிக்க வேண்டும், மாற்றி அடித்தால் தூசு உள்ளே ஒட்டிக்கொள்ளும். டீசல் வண்டியாக இருந்தால் ஃபில்ட்டரின் அடியில் தேங்கும் தண்ணியைத் திறந்துவிடுவதும் எளிதுதான்.

ஒன்று மட்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்த பிறகுதான் எதுவும்.

ஸ்பீக்கர், லைட்: தீப்பிடிக்கும் இடம்

"வெங்காயம்... மூணு கிலோ நூறு ரூவா..." என்ற பதிவுக் குரல் கேட்காத தெரு இல்லை. அந்த ஆம்ப்ளிஃபயரை எங்கிருந்து மின்சாரம் எடுத்து ஓட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கையில் கிடைத்த வயரைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்து, டேப் ஒட்டிவிடுவார்கள்.

12 வோல்ட் வண்டியில் 100 வாட் சாமான் ஓடினால் 8 ஆம்பியருக்கு மேல் கரன்ட் ஓடும். ஹெட்லைட் பல்புக்கும் இதே கணக்குதான். ஹாலோஜன் பல்பு வழக்கமாக 60/55 வாட், அதாவது 5 ஆம்பியர். வெளிச்சம் பத்தலை என்று 100/90 வாட் பல்பு மாட்டினால், 5 ஆம்பியருக்காகப் போட்ட வயரிலும் ஸ்விட்சிலும் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். முதலில் ஹோல்டர் உருகும். பிறகு ஃபியூஸ் போகும். அதன்பிறகு நாம் செய்வதுதான் உண்மையான ஆபத்து. என் சித்தப்பா வண்டியில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் சில்வர் பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தார். "ரெண்டு வருஷமா ஓடுதுப்பா" என்று பெருமை வேறு! ஃபியூஸ் உருகுவது வயர் உருகாமல் இருப்பதற்காக. அதை உருகவிடாமல் செய்தால் வயர்தான் உருகும், அந்த வயர் டீசல் குழாய்க்குப் பக்கத்திலும் போகும்.

ஸ்பீக்கர் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் எடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, தனி பேட்டரி ஒன்றை வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவருவது. வண்டி பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு 5 ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபயரை ஐந்து மணி நேரம் ஓட்டினால் 25 போய்விடும். மாலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும்.

பல ராகத்தில் கத்தும் ஹாரனுக்கு விதியிலேயே தடை இருக்கிறது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

தார்ப்பாய்க் கூண்டு முதல் டீக்கடை வரை

வண்டியின் அடிப்படை அமைப்பு மாறினால்தான் சட்டப்படி அது 'மாற்றம்'. தார்ப்பாய், கயிறு கட்டும் கொக்கி, ரப்பர் மேட், சீட் கவர், போல்ட் போட்டு மாட்டிக் கழற்றும் லேசான பைப் ஃபிரேம் போன்றவை பொதுவாக அந்தக் கணக்கில் வருவதில்லை. திறந்த தொட்டியை மூடிய கன்டெய்னராக்குவது, டீக்கடையாக, டிபன் கடையாக மாற்றுவது, சேசிஸை நீட்டுவது, சி.என்.ஜி. கிட் மாட்டுவது எல்லாம் வேறு. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பரிவாகன் இணையதளத்திலேயே வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. முடிந்ததும் ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். லோன் ஓடிக்கொண்டிருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம்.

எதற்காக வெல்டிங் செய்தாலும், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பி.எஸ்.6 வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்துவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். வெல்டிங் கரன்ட் அதன் வழியாகப் பாய்ந்தால் வெல்டிங் கூலியைவிடப் பல மடங்கு செலவு வரும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ஓனர் செய்த மாற்றத்துக்கும், வாங்கிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைக் காலியாக ஒரு எடை மேடையில் ஏற்றுங்கள். சின்னக் கட்டணம்தான். வரும் எடையை ஆர்.சி.யில் உள்ள அன்லேடன் வெயிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது கிலோ அதிகமாகக் காட்டினால் எங்கோ இரும்பு சேர்ந்திருக்கிறது. அடியில் குனிந்து பின்பக்கப் பட்டைகளை இரு பக்கமும் எண்ணுங்கள், அதே மாடல் புது வண்டியில் எத்தனை என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளலாம். அதிகம் இருந்தால் கழற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி போய் நிற்பதற்குள் அந்தப் பட்டையைக் கழற்றி, யு-போல்ட் புதிதாகப் போட்டு, ஹெட்லைட் உயரத்தையும் சரி செய்துவிடுங்கள். பின்பக்கம் இறங்கியதும் லைட் எதிரில் வருபவரின் கண்ணுக்கு ஏறியிருக்கும்.